கதவுக்குள் இறங்கும் மழை

அம்பாசிடரின் முன்கதவில் ஒரு முக்கோணக் கண்ணாடி உண்டு. அதன் கொண்டியைத் திருகித் தள்ளினால் மேலும் கீழும் உள்ள முளைகளில் சுழலும். முன் ஓரம் உள்ளே வரும், பின் ஓரம் வெளியே போகும். கொஞ்சம் திறந்தால் உள்ளே இருக்கும் பீடிப் புகையை இழுத்துக்கொண்டு போகும். முழுக்கத் திருப்பினால் செஞ்சி வெயிலிலும் சட்டைக்குள் காற்று புகும். இந்தக் கண்ணாடியைச் சுற்றி ஓடுகிற ரப்பர் சுண்டுவிரல் கனம்கூட இல்லை. அது வெடித்துப்போனதால்தான் என் மார்க் 4 வண்டியை ஓட்டிக்கொண்டு செஞ்சிக்குப் போனேன்.

திருவண்ணாமலை ரோட்டில், ராஜகிரி மலை தலைக்குமேல் நிற்கிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மராத்தியர் கோட்டைகள் என்று சேர்த்த 12-இல் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது இது ஒன்றுதான். அதைப் பார்க்க வரும் கார்கள் கொட்டகையைத் தாண்டிப் போகின்றன. உள்ளே அறுபதைத் தாண்டிய டிங்கர் ஒருவர், மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகவேண்டிய வேன் ஒன்றை அனுப்பிவிட்டு என் வண்டிக்கு வந்தார். சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கிவந்த ரப்பர் சுருளை மோந்து பார்த்தார். நகத்தால் கீறினார். பாதியை ஒதுக்கிவைத்தார்.

காரணம் இருக்கிறது. இயற்கை ரப்பருக்கு இழுவை அதிகம், ஆயுள் குறைவு. காற்றிலுள்ள ஓசோன் அதன் மூலக்கூறுச் சங்கிலியை நடுவிலேயே அறுக்கும். இழுபட்டு நிற்கும் இடங்களில்தான் முதல் வெடிப்பு விழும். மூலைகள் முதலில் போவது அதனால்தான். ஈ.பி.டி.எம். என்கிற செயற்கை ரப்பரின் சங்கிலியில் ஓசோன் கடிக்க இடமில்லை, வெயிலில் வருஷக்கணக்காகக் கிடக்கும். அவருக்கு அந்தப் பெயர் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. ஒதுக்கிவைத்தது சரியாக இருந்தது.

முதலில் கைப்பிடிகளைக் கழற்றினார். பழைய கார்களின் கைப்பிடியில் திருகு தேடித் தோற்றவர்கள் பலர். கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் வட்டத் தட்டு ஒரு ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும். அதைக் கட்டைவிரலால் கதவுப் பக்கம் அழுத்தினால், கழுத்தில் குறுக்கே ஓடும் ஒரு சின்ன முள் தெரியும். மெல்லிய ஊசியால் தட்டினால் முள் விழும், கைப்பிடி கையோடு வரும். ஸ்பிரிங் தன் பாட்டுக்குத் தட்டைத் தள்ளி முள்ளை மறைத்துவைக்கிறது. பூட்டும் அதுவே, திரையும் அதுவே! இதை யோசித்தவன் யாரென்று தெரிந்தால் ஒரு கும்பிடு போடலாம்.

கண்ணாடி ஏறி இறங்கும் சேனல் தனி ருசி. இரும்புப் பட்டையின் உட்புறம் பூனைமயிர் மாதிரி பஞ்சு ஒட்டியிருக்கும். கண்ணாடி இரும்பையோ ரப்பரையோ தொடாமல் அந்த மயிர்மேல் வழுக்குகிறது. மயிர் தேய்ந்த கதவுதான் மேடுபள்ளத்தில் கடகடக்கும். மேல் மூலை வந்ததும் டிங்கர் பட்டையில் ரம்பத்தால் ஒரு சின்ன முக்கோணம் வெட்டி மடக்கினார். விளிம்புகள் ஒட்டிக்கொண்டன, பஞ்சு மட்டும் அறுபடாமல் திரும்பியது.

கதவு ரப்பரை அவர் ஒட்டிய விதத்தை இன்னொரு தடவை பார்க்கவே திரும்பப் போகலாம். யாராக இருந்தாலும் கை இழுத்துத்தான் ஒட்டும். அப்போது பார்க்க நேராகவும் இருக்கும். ஆனால் இழுபட்ட ரப்பர் சில வாரத்தில் தன் நீளத்துக்கே சுருங்கும், இணைப்பில் வாய் பிளக்கும். அவரோ அரை அங்குலம் கூடுதலாக விட்டு, உள்நோக்கித் தள்ளித்தள்ளி உட்காரவைத்தார். இணைப்பைக் கதவின் அடியில் கொண்டுவந்தார். பிறகு ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, உருவிப் பார்த்தார். நோட்டு முனகிக்கொண்டு வரவேண்டும். ஓரிடத்தில் வழுக்கி வந்தது. மறுபடி பிரித்தார்.

முன்கண்ணாடிக்கு ஆள் இரண்டு, நைலான் கயிறு ஒன்று, ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீர். எண்ணெய் கூடாது, ரப்பர் ஊதிப்போகும். கண்ணாடிக்கு ரப்பரை மாட்டி, ரப்பரின் வெளிப்பள்ளத்தில் கயிற்றைச் சுற்றி, இரு முனையையும் வண்டிக்குள் தொங்கவிட்டார்கள். கொட்டகைப் பையன் வெளியிலிருந்து உள்ளங்கையால் தட்ட, இவர் உள்ளிருந்து கயிற்றை உருவினார். உருவ உருவ, ரப்பரின் உதடு தகரத்தின்மேல் சுருண்டு ஏறி உட்கார்ந்துகொண்டே போனது. குழந்தைக்குச் சட்டை மாட்டும்போது கழுத்து வழியே தலை வருமே, அந்த மாதிரி.

கடைசியாக என் அசட்டுத்தனம். கதவின் கீழ் விளிம்பில் வரிசையாக ஓட்டைகள் இருந்தன. மழைத்தண்ணீர் புகும் என்று நினைத்து முன்பு ஒருமுறை நானே பசை வைத்து அடைத்திருந்தேன். அவர் சிரித்தார்.

"தண்ணி உள்ள வரட்டும் சார். போவ வழி உட்டாப் போதும்."

கண்ணாடியின் இடுப்பில் ஓடும் ரப்பர் பெருமழையை முழுக்கத் தடுப்பதில்லை; தடுக்கவேண்டும் என்று யாரும் அதைச் செய்யவும் இல்லை. வழியும் தண்ணீர் கதவின் வயிற்றுக்குள் இறங்கி, அடி ஓட்டை வழியே சாலைக்குப் போய்விடும். வழியை அடைத்தால் தண்ணீர் உள்ளேயே நின்று கதவைத் தின்னும். எதிரே கோட்டைக்குள், கல்யாண மகாலுக்கு மண்குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த ஊரில் இதைக் கேட்டதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கொண்டித் தட்டின் திருகுகளை அவர் முறுக்கி முடித்தபோது, எல்லாத் திருகின் கீற்றும் ஒரே திசையில் நின்றது. யாரும் கேட்கவில்லை, கூலியும் அதற்கில்லை.

1958 முதல் 2014 வரை உத்தரபாராவில் செய்த வண்டி இது. இன்னமும் ஊருக்கு ஒன்றிரண்டு மிச்சம் இருக்கும். உங்களிடம் இருந்தால், ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு மெல்லிய கம்பியை எடுத்துக் கதவின் அடி ஓட்டைகளைக் குத்திப் பாருங்கள். நாலு கதவுக்கும் கால் மணி நேரம் போதும்.