163 மீட்டர் மலை போதுமய்யா!

என் வீடு சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குப் பக்கத்தில், பஃபலோ ரோட்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கில். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்தே முக்காலுக்கு என் மவுண்டன் பைக்கை மின்தூக்கிக்குள் நட்டமாக நிறுத்தி, இடம் போதாமல் அதைக் கட்டிப்பிடித்தபடி கீழே இறங்குவேன். கோயிலுக்குப் புறப்பட்டிருக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு நாள் சொன்னார்: “பேசாம இதுக்கே தாலி கட்டியிருக்கலாம்ப்பா.” மனைவி காதில் விழவில்லை, நல்லவேளை.

கீழே பூக்கடைக்காரர்கள் மல்லிகை மூட்டையைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். வாழையிலைக் கட்டு லோரியிலிருந்து இறங்கும். இஞ்சி போட்ட ஒரு தே ஹாலியாவை நின்றபடியே குடித்துவிட்டு மிதித்தால், நாலு எட்டில் புக்கிட் தீமா சாலை. இந்தச் சங்கதியை நினைத்தாலே எனக்குப் பூரிப்பு. புக்கிட் தீமா மலைக்குப் போகும் அந்தச் சாலை தொடங்குவதே நம் தேக்காவில்தான்! கேகே மருத்துவமனையைத் தாண்டினால் நடுவில் கால்வாய், அந்தப் பக்கம் டனர்ன் சாலை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் காடு. 1825 முதல் இங்கே நாடுகடத்திக் கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகள் இந்தத் தீவின் பழைய சாலைகள் பலவற்றை வெட்டினார்கள், இதையும் சேர்த்து. அவர்கள் காலத்தில் காட்டுக்குள் புலி இருந்தது. எனக்கு எதிர்ப்படுவதெல்லாம் நீண்ட வால் குரங்குதான். அதுவும் என் பையில் வாழைப்பழம் இருக்கிறதா என்றுதான் பார்க்கும்.

எம்ஆர்டி ரயிலில் மடக்கும் சைக்கிளை மட்டும்தான் ஏற்ற முடியும். லிட்டில் இந்தியாவிலிருந்து மலைக்குப் பக்கத்து பியூட்டி வோர்ல்டு நிலையத்துக்கு ஒரே ரயில் இருந்தும், என் வண்டிக்கு அதில் இடமில்லை. முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அந்தப் பத்துக் கிலோமீட்டர்தான் என் உடற்சூடேற்றம்.

“மலையே இல்லாத ஊரில் மவுண்டன் பைக் எதற்கு?” என்று கேட்காதவர் இல்லை. புக்கிட் தீமா சிங்கப்பூரிலேயே உயரமான குன்று. உயரம் 163 மீட்டர் சொச்சம். எங்கள் ஊர்ப் பக்கத்துத் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர் என்று கோயம்புத்தூரிலிருந்து வந்த என் மச்சான் சிரித்தார். “இது மலையா மாப்ளே? இதுக்கு எங்க ஊர்ல மேடுன்னு பேரு.” வாடகைக்கு ஒரு வண்டி எடுத்துக் கொடுத்து, மலையைச் சுற்றி ஓடும் ஆறு கிலோமீட்டர் தடத்தில் கூட்டிப்போனேன். ஒரே சுற்று. மனிதர் கார் நிறுத்துமிடத்துத் தரையில் உட்கார்ந்தவர் இருபது நிமிடம் வாயைத் திறக்கவில்லை. திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, “அடுத்த சுத்து எப்போ?”

பெரிய மலையில் ஒரு மணி நேரம் ஏறினால் அரை மணி நேரம் ஹாயாக இறங்கலாம். இங்கே அந்தப் பேச்சே கிடையாது. இருபது விநாடி செங்குத்தாக ஏற்றம், பத்து விநாடி கிடுகிடு இறக்கம், வளைவு, வேர், பாறை, மறுபடி ஏற்றம். மூச்சு வாங்க ஓரிடம் இல்லை. காற்றில் ஈரம் அதிகமென்பதால் வியர்வை காயாது. காயாவிட்டால் உடம்பு குளிராது. ஒரு சுற்றிலேயே கையுறையைப் பிழியலாம். ஒரு பக்கம் புக்கிட் தீமா விரைவுச்சாலையின் வாகன இரைச்சல், மறுபக்கம் துடுப்புவால் கரிச்சானின் சீட்டி. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டு ஓட்ட உலகத்தில் வேறு எத்தனை நகரத்தில் கொடுத்துவைத்திருக்கும்?

வேரைப் பற்றி ஒரு பாராவாவது எழுதாவிட்டால் என் கை சும்மா இருக்காது. மழைக்காட்டு மரங்களின் வேர் ஆழம் போகாமல் மேலாகப் படரும். தடமெங்கும் நரம்பு புடைத்த கைபோல் இருக்கும். நனைந்த வேரைச் சாய்வாகத் தொட்டால் முன்சக்கரம் வழுக்கி, நீங்கள் ஒரு திசை, வண்டி ஒரு திசை. நேர்குறுக்காக ஏற வேண்டும். பிரேக்கை வேருக்கு முன்னாலேயே பிடித்து, வேர்மேல் விட்டுவிட வேண்டும். இருக்கையைத் தாழ்த்தி, இரண்டு மிதிகட்டையும் ஒரே மட்டத்தில் வைத்து எழுந்து நிற்க வேண்டும். கண் வேரைப் பார்க்கவே கூடாது. பார்த்த இடத்துக்கே வண்டி போகும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு பதினான்கு வயதுப் பையன். “அங்கிள், மரத்தைப் பார்க்காதீங்க, வழியைப் பாருங்க” என்றான். அவன் சொல்வதற்குள் நான் மரத்தில் இருந்தேன். டயரில் காற்றைக் குறைத்ததும் இன்னொரு கண்திறப்பு. சாலை சைக்கிளில் 100 பிஎஸ்ஐ அடித்துப் பழகியவன் 25க்கு இறக்கியதும் டயர் தரையைக் கவ்விப் பிடித்தது!

இந்த விளையாட்டே கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் பழைய கனத்த சைக்கிள்களை மலைச்சரிவில் உருட்டிவிட்ட சில கிறுக்கர்களிடமிருந்து பிறந்ததுதான். 1976இல் அவர்கள் தொடங்கிய பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர். ஒரு முறை இறங்கியதும் பின்சக்கரப் பிரேக்கின் கிரீஸ் புகைந்து தீர்ந்துபோகும், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பெயர். இருபதே ஆண்டில், 1996 அட்லாண்டாவில், ஒலிம்பிக்குக்குள் நுழைந்துவிட்டது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் பந்தயம் நடந்த எலான்கூர் குன்றின் உயரம் தெரியுமா? 231 மீட்டர். பழைய கல்குவாரியின் மேல் இடிபாட்டைக் கொட்டி உண்டான மேடு அது. அங்கே டயர் பஞ்சராகியும் டாம் பிட்காக் துரத்திப் பிடித்துத் தங்கம் வென்றார். மச்சானுக்கு அந்தக் காணொளியை உடனே அனுப்பிவைத்தேன்.

நம்மிடமும் குவாரி உண்டு. சாங்கி படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் பம்போட் படகு புறப்படும். சைக்கிளுக்குத் தனிக் கட்டணம். புலாவ் உபினில் இறங்கினால், தண்ணீர் நிறைந்த பழைய கேத்தாம் குவாரியைச் சுற்றி 2008இல் திறந்த மவுண்டன் பைக் பூங்கா. ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும் ஜொகூர் கடற்பாலத்துக்கும் இந்தத் தீவின் கருங்கல் போயிருக்கிறது. மிச்சமிருந்த கல்லில் ஒன்று என் வலது முழங்காலுக்கு வந்தது. மிகக் கடினம் என்று இரட்டைக் கறுப்பு வைரக் குறி போட்ட இறக்கத்தில் வீராப்பாகப் போனதன் பலன். குறியைப் படித்துவிட்டுத்தான் போனேன், யாரையும் குறை சொல்ல வழியில்லை. நொண்டியபடி வந்து படகுத்துறைப் பக்கம் இளநீர் குடித்த அந்த மத்தியானத்தை எந்த விருந்துக்கும் மாற்ற மாட்டேன். பிளாஸ்டிக் பையில் சாப்பாடு கொண்டுபோகாதீர்கள், காட்டுப்பன்றி பங்குக்கு வரும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவுக்குப் போங்கள். நடப்பவர்களுக்குத் தனித் தடம், சைக்கிளுக்குத் தனித் தடம் என்பதால் யார்மேலாவது மோதுவோமோ என்ற பதற்றம் இல்லை. தெம்பனிஸ் சைக்கிள் பூங்காவும் இருந்தது. 2010 இளையர் ஒலிம்பிக்கின் சைக்கிள் பந்தயங்களில் சில அங்கே நடந்தன. 2014இல் மூடிவிட்டார்கள். வீடு கட்ட நிலம் வேண்டும்தான், வீவக வீட்டில் இருந்துகொண்டு நானே மறுக்க முடியாது. ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போது மனசு கேட்பதில்லை.

போன வருஷம் ஓர் உள்ளூர்ப் பந்தயத்தில் பெயர் கொடுத்தேன். ஆறு வாரம், செவ்வாயும் வியாழனும் மாலையில் மவுண்ட் ஃபேபர் சாலை ஏற்றத்தை எட்டு முறை ஏறி இறங்கினேன். பந்தயத்தில் புரிந்தது வேறு: ஒற்றையடித் தடத்தில் முந்த இடமிருக்காது, ஆகவே முதல் இருநூறு மீட்டரில் நாக்குத் தள்ள ஓடி முன்னிடம் பிடிக்க வேண்டும். நான் மரியாதையாக எல்லாருக்கும் வழிவிட்டேன். கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தேன். முடிவுக்கோட்டில் மகள் கத்திய கத்தலைக் கேட்டவர்கள் நான்தான் ஜெயித்தேன் என்று நினைத்திருப்பார்கள். அடுத்ததற்கும் பெயர் கொடுத்தாகிவிட்டது.

வர விரும்புகிறவர்களுக்கு: முதல் நாளே வண்டி வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். தலைக்கவசம் கட்டாயம், இரண்டு புட்டி தண்ணீர் வேண்டும். மழை பெய்த மறுநாள் தடத்தைக் காயவிடுங்கள்; ஈரக் களிமண்ணில் சக்கரம் போட்டால் பள்ளம் விழும், சரிசெய்ய ஆள் வேண்டும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் தேக்காவில் தே ஹாலியா குடித்துக்கொண்டிருப்பேன். செம்மண் ஒட்டிய சைக்கிள் ஒன்று தூணில் சாய்ந்திருந்தால் தாராளமாகப் பேச்சுக் கொடுங்கள்.