கண்ணில் படாத தடுப்பு

2011 ஜூனில் லாஸ் வேகஸ் மேடையில் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் ஏழாவது முறையாக நோரிஸ் கோப்பையை வாங்கினார். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்குத் தரப்படும் பரிசு அது. அப்போது அவருக்கு வயது 41. அந்தப் பருவத்தில் அவருடைய பிளஸ்-மைனஸ் கணக்கு மைனஸ் 2. எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் பவர் பிளே நேரத்துக் கோல்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், அவர் பனித்தளத்தில் இருந்த நேரத்தில் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் போட்ட கோல்களைவிட வாங்கிய கோல்கள் இரண்டு அதிகம் என்று பொருள். இருபது பருவங்களில் அந்தக் கணக்கு சுழிக்குக் கீழே போனது அந்த ஒரு முறைதான். பரிசு வந்ததும் அதே ஆண்டில்தான்.

கோல், அசிஸ்ட் இரண்டையும் கூட்டிய புள்ளிகளில் அவர் அந்த ஆண்டு 62 எடுத்திருந்தார். தடுப்பாட்டக்காரர்களில் இரண்டாம் இடம். நாஷ்வில்லின் ஷே வெபரை நூலிழையில் முந்தித்தான் வென்றார். தடுப்பதற்கான பரிசைப் புள்ளிக்காகத் தருகிறார்கள் என்று ஹாக்கி ரசிகர்கள் பல காலமாக முணுமுணுப்பதற்கு இதைவிட வசதியான சான்று கிடைக்காது. ஆனால் அந்த முணுமுணுப்பு பாதிதான் சரி. லிட்ஸ்ட்ரோமின் ஆட்ட வாழ்க்கையை முழுதாக எடுத்து வைத்துப் பார்த்தால் கோளாறு வேறொரு இடத்தில் இருப்பது தெரிகிறது.

பரிசின் விதியில் புள்ளி என்ற பேச்சே இல்லை. பருவம் முழுவதும் தன் இடத்தில் எல்லா வகையிலும் சிறந்த ஆற்றலைக் காட்டிய தடுப்பாட்டக்காரருக்கு என்றுதான் இருக்கிறது. 1954இல் டெட்ராய்ட்டின் ரெட் கெல்லி முதலில் வாங்கினார். வாக்களிப்பவர்கள் ஹாக்கி எழுதும் பத்திரிகையாளர்கள். வழக்கமான பருவம் முடிந்ததும், பட்டத்துக்கான பிளேஆஃப் தொடங்கும் முன்பே, வாக்கு போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு அணிக்கும் ஒரு பருவத்தில் எண்பதுக்கு மேற்பட்ட ஆட்டம். ஒரு நிருபர் தன் ஊர் அணியை அருகிலிருந்து பார்ப்பார். மற்ற அணிகளின் ஆட்களைச் சில தடவைதான் பார்த்திருப்பார். மீதிக்கு எண்தான் துணை. இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எண்ணிக்கைக்கு அகப்படாத வேலையைச் செய்பவர் தடுப்பாட்டக்காரர். எதிரணி முன்கள வீரர் பக் என்ற வட்டைத் தள்ளிக்கொண்டு வேகமாக வருகிறார். இவர் பின்னோக்கிச் சறுக்கியபடியே அவரை எதிர்கொள்ள வேண்டும். இருவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி கூடினால் வந்தவர் அடித்துவிடுவார், குறைந்தால் சுற்றிக்கொண்டு போய்விடுவார். அந்த இடைவெளியைச் சரியாகப் பிடித்து, மட்டையை நீட்டி நடுப்பாதையை அடைத்து, வந்தவரைப் பலகைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டால் அங்கே ஒன்றுமே நடக்காது. கோல் முயற்சி இல்லை, கோல்கீப்பருக்கு வேலை இல்லை, அறிவிப்பாளர் குரல் உயரக் காரணமும் இல்லை.

லிட்ஸ்ட்ரோம் இதில் கரைகண்டவர். ஸ்வீடன்காரர். 1989இல் புது வீரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் தேர்வில் டெட்ராய்ட் அவரை 53ஆவது ஆளாகத்தான் எடுத்தது. 1991 முதல் 2012 வரை ஒரே அணிக்கு 1,564 ஆட்டங்கள் ஆடினார், லீக்கின் பட்டமான ஸ்டான்லி கோப்பையை நான்கு முறை வென்றார். என்னை அசரவைப்பது இன்னொரு கணக்கு: இத்தனை ஆட்டங்களில் அவர் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்தது மொத்தம் 514 நிமிடம். ஓர் ஆட்டத்துக்கு இருபது வினாடிகூட வராது. தடுப்பாட்டக்காரருக்குத் தண்டனை பெரும்பாலும் பிந்தியதால் வருகிறது. இடம் தவறியவர்தான் மட்டையால் கொக்கி போடுவார், சட்டையைப் பிடித்து இழுப்பார், குறுக்கே காலை விடுவார். அணியின் மிகக் கடினமான நிமிடங்களை ஆடிக்கொண்டே இவ்வளவு குறைவாகத் தண்டனை வாங்கியவர் பிந்தவே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

1997 ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரை இதற்கு எடுத்துக்காட்டாக வைக்கலாம். எதிரே ஃபிலடெல்ஃபியா. அதன் முன்வரிசையின் நடுவில் எரிக் லிண்ட்ரோஸ். ஆறடி நான்கு அங்குலம், மோதியவரைச் சாய்த்துவிட்டுப் போகிற உடம்பு. டெட்ராய்ட்டில் விளாடிமிர் கான்ஸ்டான்டினோவ் என்ற முரட்டு மோதலுக்குப் பேர்போன தடுப்பாட்டக்காரர் இருந்தார். லிண்ட்ரோஸை அவர் மேல்தான் ஏவுவார்கள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். பயிற்சியாளர் ஸ்காட்டி போமன் அனுப்பியதோ லிட்ஸ்ட்ரோமையும் லாரி மர்ஃபியையும். மோத வருபவனுக்கு மோத ஆளே கிடைக்காமல் செய்வது அவர் திட்டம். இவர்கள் லிண்ட்ரோஸ் வரும்வரை காத்திருக்காமல், பக்கை உடனுக்குடன் தங்கள் எல்லையிலிருந்து வெளியேற்றினார்கள். டெட்ராய்ட் 4–0 என்று தொடரை வாரிக்கொண்டது. லிண்ட்ரோஸ் போட்டது ஒரே கோல், அதுவும் கடைசி ஆட்டத்தின் கடைசி வினாடிகளில்.

அந்த ஆண்டு நோரிஸ் வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்தவர் கான்ஸ்டான்டினோவ். அருமையான ஆட்டக்காரர், கோப்பை வென்ற ஆறாம் நாள் நேர்ந்த கார் விபத்து அவருடைய ஆட்ட வாழ்வை முடித்துப்போட்டது. அவர் இரண்டாம் இடம் பெற்றதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அவரைவிட நம்பி லிட்ஸ்ட்ரோமை லிண்ட்ரோஸ் முன் நிறுத்திய பயிற்சியாளரின் கண்ணுக்குத் தெரிந்தது, வாக்குச்சீட்டை நிரப்பியவர்களின் கண்ணுக்குத் தெரியவில்லை.

புள்ளிக்குத்தான் பரிசு என்ற வாதம் இதற்கடுத்த ஆண்டுகளில் இன்னும் இடறுகிறது. 1998, 1999, 2000 என்று தொடர்ந்து மூன்று முறை லிட்ஸ்ட்ரோம் இரண்டாம் இடம். இவற்றில் 1998இல் 59, 2000இல் 73 என்று தடுப்பாட்டக்காரர்களிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் அவர்தான். அப்படியும் 1998இல் பரிசு ராப் பிளேக்குக்குப் போனது, 2000இல் கிறிஸ் ப்ராங்கருக்கு. இருவரும் பெரிய உடம்புக்காரர்கள், அரங்கம் அதிர மோதுபவர்கள். ப்ராங்கர் அந்த ஆண்டு லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் பரிசையும் சேர்த்து வாங்கினார். பிளஸ் 52 எடுத்தவரிடமிருந்து அதைப் பறிக்க முடியாது. ஆனாலும் இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. வாக்காளரைக் கவர்வது கோலா மோதலா என்பதல்ல, கண்ணில் படுவது எதுவோ அது. ஓசையில்லாமல் நீளும் மட்டை வரிசையில் கடைசியாகத்தான் நிற்கிறது.

புள்ளியைப் பார்க்கும் பழக்கத்தை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. அது பாபி ஆர் விட்டுப்போன சொத்து. 1968 முதல் 1975 வரை தொடர்ந்து எட்டு ஆண்டு அந்தக் கோப்பை பாஸ்டனின் இந்த இளைஞனை விட்டு நகரவில்லை. தடுப்பாட்டக்காரராக இருந்துகொண்டே லீக் முழுமைக்கும் அதிகப் புள்ளி எடுத்தவர் என்ற பட்டத்தை இருமுறை பெற்றார். வேறு எந்தத் தடுப்பாட்டக்காரருக்கும் அது ஒருமுறைகூட வாய்க்கவில்லை. 1970–71இல் அவர் எடுத்தது 139 புள்ளி. அதே பருவத்தில் அவருடைய பிளஸ்-மைனஸ் பிளஸ் 124, இன்றுவரை எவரும் எட்டாத உயரம். இந்த இரண்டு எண்களும் ஒரே செயலின் இரண்டு பக்கங்கள். பக் ஆரின் மட்டையில் இருக்கும்வரை எதிரணி கோல் போட வழியில்லை. தாக்குவதும் ஒரு தடுப்புதான் என்று அவர் ஆடிக் காட்டினார். அதற்கு ஈடாக முழங்காலையும் கொடுத்தார் என்பது வேறு கதை. முப்பது வயதில் ஆட்டம் முடிந்துவிட்டது.

தொல்லை எங்கே வருகிறது என்றால், ஆரிடம் ஒட்டிப் பிறந்த அந்த இரண்டு எண்களும் மற்றவர்களிடம் பிரிந்து கிடக்கும்போது. எதிரணியில் ஒருவர் தண்டனைப் பெட்டியில் இருக்கும் பவர் பிளேயில் நீலக்கோட்டருகே நின்று அடிப்பவருக்குப் புள்ளி சேரும். அங்கே அவர் எதையும் தடுப்பதில்லை. லிட்ஸ்ட்ரோமின் 1,142 புள்ளிகளிலும் இப்படி வந்தவை ஏராளம். ஆனால் எல்லாக் குற்றத்தையும் பவர் பிளே மேல் போடவும் முடியவில்லை. 2022–23இல் சான் ஹோசேயின் எரிக் கார்ல்சன் 101 புள்ளி எடுத்தார். 1992இல் பிரையன் லீட்ச்சுக்குப் பிறகு எந்தத் தடுப்பாட்டக்காரரும் நூறைத் தொட்டிருக்கவில்லை. அவற்றில் பெரும்பகுதி இரு தரப்பும் சமமாக நின்ற நேரத்தில் வந்தவை. அதே பருவத்தில் அவர் கணக்கு மைனஸ் 26. அணி 22 ஆட்டங்களில்தான் வென்றது. கோப்பை அவருக்கே போனது. மோசமான அணியில் மாட்டியவரின் மைனஸை அவர் தலையில் மட்டும் கட்டக் கூடாது என்பது நியாயம். அப்படியானால் டெட்ராய்ட் போன்ற பலமான அணியில் ஆடி லிட்ஸ்ட்ரோம் சேர்த்த பிளஸ் 450ஐயும் முழுக்க அவர் பெயரில் எழுதக் கூடாது. இந்த எண்ணை ஆளுக்கேற்ப நம்புவதும் தள்ளுவதும்தான் பல வாக்காளர்களின் வழக்கம். ரசிகர்களும் அதில் சளைத்தவர்கள் அல்லர்.

புள்ளியைப் பார்க்கும் பழக்கத்தை மீறியும் வாக்களிக்க முடியும் என்பதற்கு 1984 சாட்சி. எட்மன்டனின் பால் காஃபி அந்தப் பருவத்தில் 126 புள்ளி குவித்தார். கோப்பை 33 புள்ளி எடுத்த வாஷிங்டனின் ராட் லாங்வேவுக்குப் போனது, அதுவும் இரண்டாவது ஆண்டாக. 1982இல் அவர் வந்து சேரும்வரை வாஷிங்டன் ஒருமுறைகூட பிளேஆஃப் பார்த்ததில்லை. அவர் வந்த முதல் பருவத்திலேயே பார்த்தது; 1983–84இல் லீக்கிலேயே மிகக் குறைவாகக் கோல் வாங்கிய அணியும் அதுதான். ஒரு முனையில் ரன் கொடுக்காமல் வீசுபவரால் மறுமுனைக்காரருக்கு விக்கெட் விழும் கதையை நாம் கிரிக்கெட்டில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அப்படியொருவரை அன்றைய நிருபர்கள் கண்டுகொண்டார்கள். ஆனால் கவனியுங்கள், அப்போதும் ஓர் அணியின் தலையெழுத்து மாறியது என்ற பெரிய, கண்ணைப் பறிக்கும் செய்தி அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஏற்கெனவே நன்றாக ஆடும் அணியில் அமைதியாகத் தடுப்பவருக்கு அப்படியொரு செய்தி கிடைக்காது. கரோலினாவின் ஜேக்கப் ஸ்லேவின் அப்படிப்பட்டவர். நாகரிகமான ஆட்டத்துக்கான லேடி பிங் பரிசு 2021, 2024 என்று இருமுறை அவரைத் தேடி வந்தது. அவரை ஒத்த தடுப்பாட்டக்காரர்களுக்கு நோரிஸ் வாக்குச்சீட்டில் ஓரத்து இடம்தான்.

இதற்கு மாற்றாகச் சிலர் தடுப்புக்கு மட்டும் தனிப் பரிசு கேட்பதுண்டு. முன்கள வீரர்களில் நன்றாகத் தடுப்பவருக்கு 1978 முதல் செல்கி கோப்பை இருக்கும்போது, தடுப்பையே தொழிலாகக் கொண்டவர்களுக்குப் பல பத்தாண்டுகள் அப்படியொன்று இல்லாமல் இருந்தது வேடிக்கைதான். கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு ஒப்புதல் இல்லை. தனிப் பரிசு வந்த மறுநாளே நோரிஸ் வெளிப்படையாகவே புள்ளிக்கான பரிசாகிவிடும், வாக்காளரிடம் மிச்சமிருக்கும் தயக்கமும் போய்விடும். விதி கேட்பது எல்லா வகையிலும் சிறந்தவரை. அதை இரண்டாகப் பிளந்தால், இரண்டையும் ஒருசேரச் செய்த லிட்ஸ்ட்ரோம் போன்றவர் ஒரு பட்டியலில் கார்ல்சனுக்குப் பின்னாலும் மற்றொன்றில் ஸ்லேவினுக்குப் பின்னாலும் நிற்க நேரும். அதைவிட, வாக்காளர்கள் தங்கள் ஊர் அணியைத் தாண்டி மற்ற அணிகளின் ஆட்டப் பதிவுகளைப் பின்னோக்கிச் சறுக்குபவர்மேல் கண்வைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்பது கடினமான கோரிக்கை, ஆனால் நேர்மையானது.