கிராஃப்டி கற்ற ஓப்பனிங்

1990களின் செஸ் நிரல்களில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. தொடக்க நகர்த்தல்களை அவை கணக்கிட்டு ஆடவில்லை, ஓப்பனிங் புத்தகத்தைப் பார்த்து ஆடின. அதனால் இன்று ஒரு வரிசையில் தோற்ற நிரல் நாளையும் அதே வரிசையில் போய் விழும். எதிராளி வென்ற ஆட்டத்தையே திரும்ப ஆடிப் புள்ளிகளை அள்ளலாம்.

வென்றால் அந்த வரிசையின் எடையைக் கூட்டு, தோற்றால் குறை என்பது எளிய மருந்து. ஆனால் அதை ஏற்க முடியாது. ஓப்பனிங்கில் அருமையான நிலை கிடைத்து, 60ஆவது நகர்த்தலில் யானை முடிவாட்டத்தைக் கோட்டை விட்டால், பழி ஓப்பனிங் மேல் விழுகிறது. பத்து இருபது ஆட்டங்களில் இந்தக் கோளாறு சரியாகிவிடாது.

கிராஃப்டி என்ற செஸ் நிரலை எழுதிய ராபர்ட் ஹையாட் 1999இல் ஐசிசிஏ ஜர்னல் என்ற கணினி செஸ் இதழில் விளக்கிய முறை இதைவிட நுட்பமானது. புத்தகம் முடிந்ததும் அடுத்த பத்துத் தேடல்களின் மதிப்பீடுகளை நிரல் குறித்துக்கொள்கிறது. நிலை ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்க்கிறது. எவ்வளவு ஆழம் தேடியது, எதிராளி எவ்வளவு பலசாலி என்பதையும் கணக்கில் சேர்க்கிறது. கிடைத்த மதிப்பு, மாற்று நகர்த்தல் இருந்த கடைசிக் கிளைக்கு முழுமையாகப் போகிறது. அதற்கு முந்தைய கிளைகளுக்குக் குறைந்துகொண்டே போகிறது. எந்த இடத்தில் தேர்வு தவறியதோ அந்த இடத்திலேயே திருத்தம் அதிகம் விழுகிறது. இதுதான் இந்த முறையின் உயிர்.

சிக்கல் மதிப்பீட்டில் இருக்கிறது. கறுப்பு ஆடும் கிங்ஸ் இந்தியன் ஓப்பனிங்கில் நடுப்பகுதி அடைபட்டால் வெள்ளைக்கு இடம் அதிகம். கறுப்பின் ராஜா பக்கத் தாக்குதல் கனிய வெகுநேரம் ஆகும். அடுத்த பத்து நகர்த்தல்களுக்குள் அது கண்ணில் படாவிட்டால் கறுப்புக்குக் குறைந்த மதிப்பெண்தான். காஸ்பரோவ் எத்தனையோ வெற்றிகளை ஈட்டிய ஓப்பனிங்கை நிரல் ஓரங்கட்டிவிடும். தன் பார்வைக் குறையையே ஓப்பனிங்கின் குறையாகப் பதிந்துகொள்கிறது. புத்தகத்தின் எடைகள்தான் மாறுகின்றன; மதிப்பிடும் அளவுகோல் அப்படியே இருக்கிறது.

2017இல் வந்த ஆல்ஃபாஸீரோ என்ற நிரல் இந்த முடிச்சை வேறுவிதமாக அவிழ்த்தது. அதற்குப் புத்தகமே கிடையாது. தன்னோடு தானே கோடிக்கணக்கில் ஆடியபோது நிலைகளின் மதிப்பீடும் நகர்த்தல் விருப்பமும் சேர்ந்தே மாறின. பயிற்சியின் தொடக்கத்தில் அடிக்கடி ஆடிய பிரெஞ்சுத் தற்காப்பைப் பிறகு கைவிட்டது. இந்தப் பயிற்சிக்குத் தேவைப்பட்ட கணினி பலம் 1999இல் யாருக்கும் வாய்த்திருக்காது. அந்த அளவுகோலை வைத்து ஹையாட்டைக் குறை சொல்வது நியாயமாகாது.

ஒரு நிரல் தனக்கு ஒத்துவராத நிலைகளில் சிக்காமல் தப்பிக்க, அன்றைய கணினிகளில் கிராஃப்டியின் முறை வெற்றி தோல்வியை மட்டும் எண்ணுவதைவிடத் தெளிவாகச் சிறந்தது. ஆனால் அப்படித் திருத்திய புத்தகத்தை எடுத்து மாணவர்களுக்கு ஓப்பனிங் பாடம் நடத்தக் கூடாது. அதில் இருப்பது கிராஃப்டிக்கு எது பொருந்தும் என்ற தகவல் மட்டுமே.