‘எதிர்பார்க்கப்படுகிறது’: தேர்தல் தேதி ஊகங்களும் கரிசல் நிலத்து இரு தொகுதிகளும்

ஆய்வுச் சுருக்கம்

தேர்தல் எப்போது வரும் என்னும் ஊகம் தமிழ்த் தொலைக்காட்சிச் செய்தியில் தனி வகைமையாகவே நிலைபெற்றுள்ளது. 2017 முதல் 2019 வரை சட்டமன்ற உறுப்பினர் இன்றி இருந்த விளாத்திகுளம், ஒட்டப்பிடாரம் ஆகிய கரிசல் தொகுதிகளை முன்வைத்து அவ்வகைமையின் மொழியையும் அதனையொட்டிய ஒளிபரப்பு ஆயத்தங்களையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. ஊகித்தல் குறையன்று, ஊகத்திற்கு எவரும் பொறுப்பேற்காமையும், தேதிக்கு அப்பால் தொகுதியைக் காணாமையுமே குறை என்பது இதன் துணிபு.

திறவுச்சொற்கள்: இடைத்தேர்தல், தொலைக்காட்சிச் செய்தி, ஊக மொழி, கரிசல், விளாத்திகுளம், ஒட்டப்பிடாரம், கோவில்பட்டி

முன்னுரை

கோவில்பட்டியை நடுவாகக் கொண்ட கரிசல் பரப்பு வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழை எப்போது இறங்கும் என்ற கணிப்பின்மீதே அங்கு உழவு நடக்கிறது. ஆகவே ஊகம் அந்நிலத்திற்குப் புதிதன்று. 2017ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அந்நிலத்தின்மேல் வேறொரு ஊகம் வந்து கவிந்தது. இடைத்தேர்தல் எப்போது என்பதே அது. இவ்விரு ஊகங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது செய்தித் தொலைக்காட்சியின் தேர்தல் பேச்சினுடைய இயல்பு தெளிவாகப் புலப்படுகிறது.

இரு தொகுதிகள், இருபது மாதங்கள்

முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமிக்கு அளித்த ஆதரவை விலக்கிக்கொள்வதாக ஆளுநரிடம் கடிதம் அளித்த அ.தி.மு.க. உறுப்பினர்களுள் 18 பேரைப் பேரவைத் தலைவர் ப. தனபால் 2017 செப்டம்பர் 18 அன்று தகுதிநீக்கம் செய்தார். அவர்களுள் விளாத்திகுளம் உறுப்பினர் கே. உமா மகேஸ்வரியும் ஒட்டப்பிடாரம் உறுப்பினர் ஆர். சுந்தரராஜும் அடங்குவர். இரண்டும் தூத்துக்குடி மாவட்டத்துத் தொகுதிகள். கோவில்பட்டியைப் போலவே தூத்துக்குடி மக்களவைத் தொகுதிக்குள் அடங்குபவை.

காலியான இடத்தை ஆறு மாதத்திற்குள் நிரப்ப வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு. ஆனால் இடைத்தேர்தல் அறிவிக்கை வெளியிடச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2018 ஜூன் 14 அன்று இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்புகளை அளித்தனர். மூன்றாவது நீதிபதியான எம். சத்தியநாராயணன் அக்டோபர் 25 அன்று தகுதிநீக்கத்தை உறுதிசெய்தார். இதனிடையே திருவாரூர், திருப்பரங்குன்றம் இடைத்தேர்தல்கள் மழைக்காலத்தைக் காரணம் காட்டித் தள்ளிவைக்கப்பட்டன. பின்னர்த் திருவாரூருக்கு 2019 ஜனவரி 28 என நாள் குறிக்கப்பட்டு, கஜா புயல் நிவாரணப் பணிகளை முன்னிட்டு அதுவும் கைவிடப்பட்டது. முறைப்படி அறிவிக்கப்பட்ட தேதியே நிலையற்றதாகிவிட்ட சூழலில் ஊகத்திற்குக் களம் அகன்றது.

2019 மார்ச் 10 அன்று வெளியான அட்டவணை விளாத்திகுளத்திற்கு ஏப்ரல் 18ஆம் நாளைக் குறித்தது. ஒட்டப்பிடாரமோ விடுபட்டது. அங்கு 2016இல் 493 வாக்குகளில் தோற்ற புதிய தமிழகம் கட்சித் தலைவர் க. கிருஷ்ணசாமி தொடுத்த தேர்தல் வழக்கு நிலுவையில் இருந்தமையே காரணம். வழக்குத் தடை நீங்கியபின் அத்தொகுதிக்கு மே 19 குறிக்கப்பட்டது. இதனால் விளாத்திகுளத்தார் மக்களவைக்கும் சட்டமன்றத்திற்கும் ஒரே நாளில் வாக்களித்தனர்; ஒட்டப்பிடாரத்தாரோ ஒரு மாத இடைவெளியில் இருமுறை வாக்குச்சாவடிக்குச் சென்றனர். மே 23இல் இரண்டின் முடிவுகளும் வெளிவந்தபோது, பேரவையில் இவ்விரு தொகுதிகளின் இருக்கைகளும் ஆளின்றி இருபது மாதங்கள் கழிந்திருந்தன.

ஊகத்தின் இலக்கணம்

இக்காலத்துச் செய்தி மொழியில் ஒரு தொடரமைப்பு திரும்பத் திரும்ப வரக் காணலாம். ‘விரைவில் இடைத்தேர்தல் அறிவிக்கப்படலாம் என எதிர்பார்க்கப்படுகிறது’ என்பது அதன் பொதுவடிவம். ‘கூறப்படுகிறது’, ‘தகவல் வெளியாகியுள்ளது’, ‘வாய்ப்புள்ளது’ என்பன அதன் மாற்றுருக்கள். செயப்பாட்டு வினையில் செய்பவரைச் சுட்டுவது ‘ஆல்’ என்னும் மூன்றாம் வேற்றுமை உருபு. மேற்கண்ட தொடரில் அவ்வுருபு ஏற்ற பெயர் இல்லை. யாரால் எதிர்பார்க்கப்படுகிறது? ஆணையத்தாலா, ஆளுங்கட்சியாலா, செய்தியாளராலா, வாக்காளராலா? நால்வரின் எதிர்பார்ப்பும் வெவ்வேறு நலன்களிலிருந்து எழுபவை. தொடரோ நான்கையும் ஒன்றாக்கி உரியவரின்றி விடுகிறது.

‘அறிவிக்கப்படலாம்’ என்பதிலுள்ள ‘லாம்’ விகுதி ஐயத்தைக் குறிக்கிறது. அதன்மேல் ‘எதிர்பார்க்கப்படுகிறது’ ஏறும்போது ஐயம் இரட்டிக்கிறது. இரட்டித்த ஐயம் பொய்யாவதே இல்லை. தேதி வந்தாலும் வராவிட்டாலும் தொடர் பிழைத்துக்கொள்கிறது. திருத்தம் வெளியிட வேண்டிய கடப்பாடும் எழுவதில்லை. ஊக மொழியின் ஈர்ப்புக்கு இதுவே அடிப்படை.

ஆயத்தத்தின் அளவுகோல்

நிறுவனத்தின் உள்திட்டமிடலுக்கு ஊகம் இன்றியமையாதது என்பதை மறுக்க இயலாது. பழைய முடிவுகளைத் தொகுத்தல், வேட்பாளர் படங்களைத் திரட்டுதல், திரைவரைகலை அமைத்தல், வாக்கு எண்ணும் மையங்களுக்குச் செய்தியாளர்களையும் நேரலைக் கருவிகளையும் பங்கிடுதல், ஆணையத்தின் அனுமதிச் சீட்டுப் பெறுதல், விளம்பர நேரத்தை முன்கூட்டி விற்றல் ஆகிய அனைத்தும் ஒரு தேதியைக் கருதியே நடைபெறுகின்றன. தேதி பற்றி ஊடகம் இடைவிடாது வினவாதிருந்தால் காலியிடங்கள் மேலும் நீண்டிருக்கும் என்ற வாதத்திலும் பொருள் உண்டு.

சிக்கல் வேறோரிடத்தில் உள்ளது. அலுவலகத்துள் திட்டக் கருதுகோளாக இருக்க வேண்டியது திரையில் செய்தியாகும்போது, ஆயத்தத்தின் அளவுகோலே செய்தியின் அளவுகோலாகிவிடுகிறது. அன்றைய ஆயத்தம் எதைக் கணக்கிட்டது? 234 இடங்களில் பெரும்பான்மைக்கு 118 வேண்டும். ஆளுங்கட்சிக்கு இன்னும் எத்தனை தேவை என்பதையே கணக்கிட்டது. 22 இடைத்தேர்தல்களில் தி.மு.க. 13, அ.தி.மு.க. 9 என முடிவு வந்தது. விளாத்திகுளத்தில் வென்ற பி. சின்னப்பன் ஒன்பதில் ஒருவரானார். ஒட்டப்பிடாரத்தில் வென்ற எம்.சி. சண்முகையா பதின்மூன்றில் ஒருவரானார். அடுத்தடுத்த இரு கரிசல் தொகுதிகள் எதிரெதிர்ப் பத்திகளில் எண்களாக இடம்பெற்றன. ஆட்சி நிலைத்தது என்பதே அன்றைய செய்தி.

அந்த இருபது மாதங்களுக்குள் நிகழ்ந்தவை வேறு. 2018 மே மாதத்தில் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்போது காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டால் 13 பேர் உயிரிழந்தனர். மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளுள் இரண்டுக்கு அப்போது பேரவையில் குரல் இல்லை. அவ்வாண்டுப் பருவத்தில் அமெரிக்கப் படைப்புழு தமிழ்நாட்டின் மக்காச்சோளத்தைத் தாக்கியது. விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரக் காடுகளும் தப்பவில்லை. படைப்புழு பற்றியும் துப்பாக்கிச் சூடு பற்றியும் செய்திகள் வந்தன. தேர்தல் தேதி பற்றியும் செய்திகள் வந்தன. இவற்றை இணைத்து, இழப்பீட்டுக்காகப் பேரவையில் எழுந்து பேச இத்தொகுதியின் உறுப்பினர் எங்கே எனக் கேட்கும் வகைமைதான் உருவாகவில்லை. காலியிடம் என்பது எண்ணிக்கையில் ஒரு குறைவாகக் கொள்ளப்பட்டதே அன்றி, மக்களின் இழப்பாகக் கொள்ளப்படவில்லை.

தேதியின் நிச்சயமின்மைதான் இதற்குக் காரணம் எனில், தேதி உறுதியானதும் குறை நீங்கியிருக்க வேண்டும். 2021இன் கோவில்பட்டி அவ்வாறு காட்டவில்லை. அவ்வாண்டுப் பொதுத்தேர்தலில் ஏப்ரல் 6 வாக்குப்பதிவு, மே 2 எண்ணிக்கை என நாட்கள் தெளிவாக இருந்தன. செய்தி விளம்பரத் துறை அமைச்சர் கடம்பூர் செ. ராஜு, அ.ம.மு.க.வின் டி.டி.வி. தினகரன், மார்க்சிஸ்ட் கட்சியின் கே. சீனிவாசன் ஆகியோர் களம் கண்டமையால் அது ‘நட்சத்திரத் தொகுதி’ என்ற அடைமொழி பெற்றது. அவ்வடைமொழி வேட்பாளரைச் சிறப்பிப்பதே அன்றித் தொகுதியைச் சிறப்பிப்பதன்று. 2016இல் 428 வாக்குகளில் வென்ற ராஜு இம்முறை 12,403 வாக்குகளில் வென்றார். தினகரனின் தோல்வியோடு கோவில்பட்டிச் செய்தி முடிவுற்றது.

கரிசலின் ஊகம்

1901இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரி உழவுக்குப் பரிந்துரைக்கும் முறைகளுள் பருவமழைக்கு முந்தைய விதைப்பும் ஒன்று. மழை இறங்குமுன்பே, உலர்ந்த கரிசலில், போதிய ஈரம் எட்டினால் மட்டும் முளைக்கும் ஆழத்தில், கடினப்படுத்திய விதையை ஊன்றுவது அது. இதுவும் ஊகமே. ஆனால் பல்லாண்டு மழைக் குறிப்பு அதற்கு அடிப்படை. சிறுதூறலில் முளைத்துக் கருகாதிருக்க முற்காப்பு உண்டு. ஊகிப்பவர் யாரென்று ஊருக்குத் தெரியும். பொய்த்தால் விதையும் உழைப்பும் அவருடையவை.

அடிப்படை, முற்காப்பு, உரியவர், இழப்பு என்னும் இந்நான்கும் தேர்தல் தேதி ஊகத்தில் இல்லை. தவறினால் இழப்பவர் ஊகித்தவர் அல்லர்; காத்திருந்த வாக்காளரே. ஒளிபரப்பில் பொறுப்பான கணிப்பு இயலாததன்று. பிரிட்டனில் பி.பி.சி., ஐ.டி.வி., ஸ்கை ஆகியன கூட்டாக நடத்தும் வாக்குக்கணிப்பு, வாக்குப்பதிவு முடியும் இரவு 10 மணிக்கு நடத்தியோர் பெயருடன் வெளியாகிறது. சில மணி நேரத்தில் மெய்ப்பிக்கப்படுகிறது அல்லது பொய்க்கிறது. இந்தியாவில் வாக்குக்கணிப்பு வெளியிடும் காலத்தை 126ஏ பிரிவு வரையறுக்கிறது. தேதி ஊகத்திற்கு அத்தகைய வரையறை இல்லை. சட்டத்தால் வரையறுப்பது விரும்பத்தக்கதும் அன்று. அது செய்தியறையே தனக்கு விதித்துக்கொள்ள வேண்டிய ஒழுங்கு.

முடிவுரை

மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் நடத்த வழிசெய்யும் 129ஆவது அரசியலமைப்புத் திருத்த மசோதா 2024 டிசம்பர் 17 அன்று மக்களவையில் அறிமுகமானது. தேதி நிலைப்பட்டால் ஊகம் ஒழியும் என்று கருதுவோர் உண்டு. ஆயினும் இறப்பாலும் பதவி விலகலாலும் தகுதிநீக்கத்தாலும் இடங்கள் இடையில் காலியாகவே செய்யும்; அப்போதெல்லாம் விளாத்திகுளமும் ஒட்டப்பிடாரமும் மீண்டும் நேரும்.

அதற்கான ஆயத்தம் பெருஞ்செலவு பிடிப்பதன்று. இடம் காலியான நாளிலிருந்து எண்ணிக்கை தொடங்கி, தொகுதி உறுப்பினர் இன்றிக் கழிந்த நாட்களைத் திரையில் இடுதல். அந்நாட்களில் பேரவைக்குச் செல்லாமற்போன கோரிக்கைகளைத் தொகுத்தல். தேதி பற்றிய ஒவ்வொரு ஊகத்திற்கும் ‘யாரால்’ என்ற வினாவிற்கு விடை சேர்த்தல் ஆகிய மூன்றும் போதும். மூன்றாவதற்கு விடை கிடைக்காதபோது அத்தொடரை ஒளிபரப்பாமல் விடுவதே முறை.