மாலிபு மணலில் ஒரு கோமாளிக் கூட்டம்

1963இல் வில்லியம் ஆஷர் இயக்கிய ‘பீச் பார்ட்டி’யும் அதைத் தொடர்ந்து வந்த படங்களும் என்றால் எனக்குத் தீராத பிரியம். கலிஃபோர்னியக் கடற்கரை, நாயகன் ஃபிராங்கி அவலான், நாயகி அன்னெட் ஃபுனிசெல்லோ, ஓயாத ஆட்டம். கதை பெரிதாக ஒன்றும் கிடையாது, வேண்டியதும் இல்லை. ஆட்டக்காரி கேண்டி ஜான்சன் இடுப்பை ஒரு வெட்டு வெட்டினால் எதிரே நிற்கும் பையன்கள் தூக்கியெறியப்பட்டு விழுவார்கள்! அலைச்சறுக்குக் காட்சிகளில் நாயகன் அலைகள் ஓடும் திரைக்கு முன்னால் நின்று வளைவது அப்பட்டமாகத் தெரியும். அந்தக் கூச்சமில்லாத பொய்தான் அழகு. மோட்டார் சைக்கிள் ரவுடி எரிக் வான் ஸிப்பராக வரும் ஹார்வி லெம்பெக், தன் விரலால் தன்னையே தொட்டுச் சிலையாக உறைந்துபோகும்போது ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சிரிக்கிறேன். 1965இன் ‘பீச் பிளாங்கெட் பிங்கோ’வில் பஸ்டர் கீட்டனே வருகிறார், எழுபதை நெருங்கிய வயதில், மௌனப்பட மேதை, அதே சிரிக்காத முகத்தோடு ஒரு பெண்ணைத் துரத்துகிறார். அவருக்காகவே அந்தப் படத்தை எத்தனை தடவையும் பார்ப்பேன்.