நிறக்காட்டி சொல்லும் பொய்

நீச்சல் குளத்து நீரைச் சோதிக்கும் சிறு பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு குழாய், ஒரு சொட்டுப் புட்டி, ஒரு நிற அட்டை. நீரில் சில சொட்டுகள் விட்டு, தோன்றும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் பி.எச். தெரிந்துவிடும். விலை குறைவு, வேலையும் எளிது. இவை பாராட்டத்தக்கவையே. ஆனால் இம்முறையில் ஒரு பெருங்குறை உண்டு. குளோரின் மிகுந்த நீரில் இதை நம்பக்கூடாது.

ஏன் என்கிறீர்களா? புட்டியில் இருப்பது பீனால் சிவப்பு. அதுவும் ஒரு சாயந்தான். பி.எச். 6.8-க்குக் கீழே மஞ்சளாகவும் 8.2-க்கு மேலே சிவப்பாகவும் இருக்கும். ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயமேற்றுவோர் சலவைத்தூளை நூலின் அருகே விடலாமா? கூடாது. குளோரின் சாயத்தைக் கெடுப்பதோடு பட்டின் புரதத்தையும் அரித்துவிடும். பட்டை வெளுக்க ஹைடிரஜன் பெராக்சைடே ஏற்றது. சாயத் தொட்டியில் அஞ்சும் அதே கேடு சோதனைக் குழாயிலும் நேர்கிறது.

அது இருவகைப்படும். ஒன்று, நிறம் வெளுத்துப் போவது. மற்றொன்று இதைவிட ஆபத்தானது: பீனால் சிவப்பு குளோரினோடு சேர்ந்து குளோரோபீனால் சிவப்பாக மாறுவது. இப்புதுச் சாயம் பி.எச். 6.7-லேயே ஊதாவாகிவிடும். நீர் நடுநிலையில் இருந்தாலும், பார்ப்பவர் காரம் மிகுந்ததென்று எண்ணி அமிலத்தை ஊற்றுவார். அளவு மீறினால் உலோகக் குழாயும் சிமெண்டும் அரிக்கப்படும். குளோரின் வாயுவும் வெளிப்படலாம். அது நுரையீரலுக்கு நஞ்சு.

பி.எச். வெறும் எண்ணன்று என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். கிருமியைக் கொல்வதில் வல்லது ஹைப்போகுளோரஸ் அமிலம். பி.எச். 7.5-இல் நீரிலுள்ள குளோரினில் சுமார் பாதி அவ்வடிவில் இருக்கும்; 8.5-இல் பத்தில் ஒரு பங்கே மிஞ்சும்.

குளோரினை முறிக்கச் சோடியம் தயோசல்பேட் சேர்க்கலாமே என்பர் சிலர். அளவு தவறினால் அதுவே பி.எச்.-ஐ மாற்றிவிடும். எனவே குளோரின் அளவை முதலில் பாருங்கள். அதைக் காட்டும் இளஞ்சிவப்புச் சோதனையும் மிகை குளோரினில் வெளுத்து, குளோரினே இல்லையென்று ஏமாற்றக்கூடும். ஆகவே காய்ச்சி வடித்த நீர் சேர்த்துப் பத்து மடங்கு நீர்த்துச் சோதியுங்கள். லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், குறையும் வரை பொறுங்கள், வெயில் உதவும். அவசரமானால் கண்ணாடி மின்முனை கொண்ட பி.எச். மானியே துணை.

சலவைத்தூள் கொண்டு அப்போதுதான் கழுவிய மேல்நிலைத் தொட்டியின் நீருக்கும் இதே விதிதான். மாணவர்களே, ஆசிரியர் முன்னிலையில் சிவப்பு லிட்மஸ் தாளைச் சலவைத்தூள் கரைசலில் நனைத்துப் பாருங்கள். முதலில் நீலமாகும், பிறகு வெளுக்கும். வெளுத்த தாளை மட்டும் பார்ப்பவருக்கு அந்நீரின் காரத்தன்மை எப்படித் தெரியும்?