பழைய லேப்டாப்பில் ஸ்கிப்பி-எக்ஸ்டி

மெய்ப்புத் திருத்துகிறவன் திரையில் எந்த நேரமும் பத்துப் பன்னிரண்டு விண்டோ திறந்தே கிடக்கும். லிபர்ஆபிஸில் ஆசிரியர் அனுப்பிய படி, நான் திருத்திய படி, அவர் திருப்பித் திருத்திய படி. பக்கத்தில் பிடிஎஃப் அகராதி, துனாரில் மூன்று ஃபோல்டர், ஃபயர்ஃபாக்ஸ். மதியத்துக்குள் கீழே பேனலில் உள்ள பொத்தான்கள் ஒடுங்கிப்போய் எல்லாவற்றிலும் 'இறு…', 'இறு…' என்றே நிற்கும். இதில் எது 'இறுதி', எது 'இறுதியோ இறுதி' என்று கிளிக் செய்து பார்த்தால்தான் தெரியும்.

இயந்திரம் 4 ஜிபி ராம் உள்ள கிழம். அதனால்தான் லினக்ஸில் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். சொன்னதைச் செய்யும், கேட்காததைச் செய்யாது. ஆனால் திறந்திருக்கும் விண்டோக்களை எல்லாம் ஒரே வீச்சில் விரித்துக் காட்டும் வசதி மட்டும் அதில் கிடையாது. மேக்கில் 2003-லேயே எக்ஸ்போஸே என்ற பெயரில் வந்துவிட்டது. க்னோம் 3 அதை 2011-ல் மேசையின் நடுநாயகமாகவே வைத்தது. எக்ஸ்எஃப்சிஇ 2015-ல் வந்த 4.12 பதிப்பில் ஆல்ட்-டேப்புக்குச் சின்னப் படங்கள் கொடுத்ததோடு சரி. அது ரேஷன் கடை வரிசை மாதிரி. ஒன்பதாவது ஆளைப் பார்க்க எட்டுப் பேரைத் தாண்ட வேண்டும்.

அந்த வசதிக்காக முதலில் எக்ஸ்எஃப்டேஷ்போர்டைப் போட்டுப் பார்த்தேன். ரெப்போவிலேயே கிடைக்கிறது, நிறுவ ஒரு நிமிடம் ஆகாது. ஓரத்தில் டாக், இன்னோர் ஓரத்தில் ஒர்க்ஸ்பேஸ்கள், மேலே தேடல் பெட்டி. பார்க்க அழகு. ஆனால் திறக்கும்போது என் கிராஃபிக்ஸ் சிப் ஒரு பெருமூச்சு விடுகிறது. அது நிற்பது க்ளட்டர் லைப்ரரியின் மேல். அந்த க்ளட்டரை க்னோம்காரர்களே கைவிட்டுவிட்டார்கள். க்னோமின் கனம் தாங்காமல் குடிபெயர்ந்து வந்தால், அதன் பெரிய பீரோ மட்டும் பின்னாலேயே வண்டியேறி வந்துவிட்டது. மூன்றாம் நாள் கழற்றிவிட்டேன்.

ஸ்கிப்பி-எக்ஸ்டி அதற்கு நேர் எதிர். டாக் இல்லை, தேடல் இல்லை. கீயைத் தட்டினால் எல்லா விண்டோவும் சிறுத்துப் பரவி நிற்கும். வேண்டியதைத் தொட்டால் அது முன்னே வரும். அவ்வளவுதான். சோர்ஸை இறக்கி நானே கம்பைல் செய்தேன். முதல் தடவை ஏதோ ஹெடர் ஃபைல் இல்லையென்று கம்பைல் நின்றது; இம்லிப்2, எக்ஸ்காம்போசிட், எக்ஸ்டேமேஜ் ஆகியவற்றின் டெவலப்மென்ட் பேக்கேஜ்களைப் போட்டபின் ஓடிவிட்டது. லாகின் ஆனதும் அதன் டீமன் தானாகக் கிளம்பும்படி ஆட்டோஸ்டார்ட்டில் ஒரு வரி, கீபோர்டு செட்டிங்ஸில் ஒரு ஷார்ட்கட். கீயைத் தேர்ந்தெடுப்பதில்தான் தடுமாறினேன். மேக் நினைவில் எஃப்9 கொடுத்தேன். ரைட்டரில் ஃபீல்டுகளைப் புதுப்பிக்கும் கீ அதுதான், போயே போச்சு. சூப்பர்-டேப்பை எக்ஸ்எஃப்சிஇ ஏற்கெனவே வேறு வேலைக்கு வைத்திருக்கிறது. கடைசியில் டேப்புக்கு மேலே சும்மா கிடந்த டில்டே கீயைச் சூப்பரோடு சேர்த்தேன்.

விரிந்து நிற்கும்போதுதான் இதன் அருமை தெரிகிறது. தலைப்பைப் படிக்கவே வேண்டாம். நகம் அளவுக்குச் சிறுத்திருந்தாலும், சிவப்புக் கோடுகள் அம்மைத் தழும்பு போல நிறைந்திருப்பது நான் திருத்திய படி. வெள்ளையாக இருப்பது ஆசிரியருடையது. கை தானாகப் போகிறது. பெயரை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு ரோஃபி என்ற நிரல் போதும். தட்டச்சு செய்தால் பட்டியலில் வந்து நிற்கும். எனக்குக் கோப்பின் முகம்தான் ஞாபகம் இருக்கிறது.

இந்தப் படங்கள் வரும் விதம் எளிது. எக்ஸ் சர்வரின் காம்போசிட் வசதி ஒவ்வொரு விண்டோவின் உருவத்தையும் தனித்தனியாக நினைவகத்தில் வைத்திருக்கிறது. ஸ்கிப்பி அதை எடுத்துச் சுருக்கிக் காட்டுகிறது. எந்தப் பகுதி மாறியது என்று டேமேஜ் வசதி சொல்லிக்கொண்டே இருப்பதால், சின்னப் படத்துக்குள்ளும் வீடியோ ஓடுகிறது. எல்லாம் எக்ஸ்11-ஐ நம்பிய பிழைப்பு. அதற்கு மாற்றான வேலண்டுக்கு மாறிவிட்டவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டியதில்லை. எக்ஸ்எஃப்சிஇ 4.20-இல் வேலண்டு ஆதரவு இன்னும் சோதனை நிலையில்தான் இருக்கிறது என்பதால் எனக்கு அவசரமில்லை.

தமிழுக்கு மட்டும் இது மாற்றாந்தாய். படத்தின் மேல் சுட்டியை வைத்தால் தலைப்பு எழும். முதலில் வெறும் கட்டங்கள் வந்தன. செட்டிங்ஸ் ஃபைலில் எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாற்றினேன். எழுத்து வந்தது, ஒழுங்கு வரவில்லை. 'தேர்வு' என்பதில் இரட்டைக் கொம்பு 'த'வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. 'வு' ஒட்டவே இல்லை. எழுத்துகளைக் கோக்கும் வேலையை அறியாத எக்ஸ்எஃப்டி லைப்ரரியைக் கொண்டு எழுதுவதால் வரும் வினை. மெய்ப்புத் திருத்துகிறவன் கண்ணில் இது நாள் முழுக்கப் பட்டால் என்ன ஆவது? தலைப்பையே அணைத்துவிட்டேன்.

இன்னொரு குறை கொஞ்சம் பெரியது. மினிமைஸ் செய்த விண்டோவுக்கு உருவம் கிடையாது. விண்டோ மேனேஜர் அதைத் திரையிலிருந்தே எடுத்துவிடுவதால், சுருக்கிக் காட்ட ஸ்கிப்பியிடம் ஒன்றும் இருக்காது, மிஞ்சினால் ஐகான்தான். ஒரே மாதிரி ஐந்து ரைட்டர் ஐகானை வைத்துக்கொண்டு என்ன செய்ய? பழையபடி 'இறு…', 'இறு…' கதைதான். ஒரு வாரம் முணுமுணுத்தேன். பிறகுதான் உறைத்தது: எதற்காக மினிமைஸ் செய்கிறேன்? பின்னால் இருப்பதைப் பார்க்கத்தானே? அதற்குத்தான் இப்போது ஒரு கீ வந்துவிட்டதே.

விண்டோ மேனேஜர் செட்டிங்ஸில் தலைப்புப் பட்டையின் பொத்தான்களை இழுத்து இடம் மாற்றலாம். மினிமைஸ் பொத்தானை இழுத்து 'மறைந்தவை' பக்கம் போட்டுவிட்டேன். பத்து நாள் ஆகிறது. கை இன்னும் அந்த இடத்துக்கே போய், அங்கே நகர்ந்து வந்திருக்கும் வேறொரு பொத்தானை அமுக்கிக்கொண்டிருக்கிறது.